மடையரின் ஏழு நாள் முறை

காலை பதினொன்றே கால் மணிக்குக் கொடைக்கானலில் ஒரு விடுதியின் கேட்டருகே நின்றிருந்தோம். "இந்த வாரம் உங்களுக்கு ரூம் இல்லீங்க" என்றான் காவலாளி. எங்கள் கெட்ட நேரம் தொடங்கிய நிமிடம் அதுதான்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அருப்புக்கோட்டையில் நாங்கள் இருந்த தெரு முழுக்க விசைத்தறி. காற்றில் பஞ்சு பறக்கும், அவளுக்கு இளைப்பு வரும். "பஞ்சுத் தூசி இல்லாத இடத்தில் ஒரு வாரமாவது வைத்துப் பாருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரத்தை எங்களுக்குத் தானமாகக் கொடுத்தவர், கையில் திண்டுக்கல் பூட்டோடு என் பக்கத்தில் நின்றார்.

தன் கடைப் பலகையில் தானே மடையன் என்று எழுதி வைத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூலோகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். பஸ் ஸ்டாண்டு எதிரில் 'மடையன் பூட்டுக் கடை'. ஊருக்கு அவர் மடையர். நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் கண்மாய் மடையைத் திறந்து, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விட்ட குடும்பம். பலகையைப் பார்த்து யாராவது சிரித்தால், "மடையத் தொறக்கிறவன் மடையன். தண்ணிக்குள்ள முங்கி மூச்சடக்கத் தெரியுமா ஒனக்கு? தெரிஞ்சிட்டு வந்து சிரி" என்பார்.

முறை என்ற சொல்தான் அவருக்கு வேதம். ரேஷன் கடையில் யாராவது முந்தினால் "ஏலே, மொறை!" என்று அவர் போடும் சத்தத்தில் எடைக்கல் கீழே விழும். ஒருநாள் சலூனில் பாதிச் சவரம் முடிந்தபிறகுதான் தனக்கு முன்னால் ஒருவர் காத்திருப்பது தெரிந்ததாம். ஒரு கன்னத்து நுரையோடு எழுந்து, அந்த ஆளை உட்காரவைத்துவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்டவரை மதுரை ஹோட்டல் ஒன்றுக்கு அழைத்து, ஓசிச் சாப்பாடு போட்டு, டை கட்டிய ஒரு பையன் 'டைம் ஷேர்' பற்றிப் பாடம் நடத்தினான். வருஷத்தில் ஒரு வாரம் மலையில் அந்த அறை உங்களுடையது, மற்ற வாரங்கள் மற்றவர்களுடையது. கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. மடையருக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது.

"தம்பி, இது எங்க கண்மாய் மொறையில்ல? ஏழு நாளு எனக்கு, அப்புறம் அடுத்த வயக்காரனுக்கு. இத எதுக்கு இங்கிலீசுல சொல்லிக் கஷ்டப்படுற?"

ஊரில் இருந்த கருவேலங்காட்டை விற்று அதற்குப் பணம் கட்டினார். "வருசத்துல ஏழு நாளு மழையும் குளிரும் நம்ம பேர்ல, டீச்சர். திருச்சுழித் தாலுகாவுல எவனுக்காச்சும் இருக்கா?" என்று என்னிடம் பெருமை அடித்தார்.

முதல் வருஷம் போய்த் தங்கினார். புறப்படும்போது, கொண்டுபோயிருந்த பூட்டை அறைக்குப் போட்டுப் பூட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். அடுத்த வாரத்துக்கு உரிய குடும்பம் சாயங்காலம் வரை பெட்டி படுக்கையோடு வராந்தாவில் கிடந்ததாம். விடுதியிலிருந்து போனில் கத்தினார்கள். "தண்ணி பாஞ்சு முடிஞ்சா மடைய அடைக்கணும்ல? அடுத்த மொறைக்காரவுக வந்து சாவி கேக்கட்டும், குடுக்கேன்" என்றார் இவர்.

அடுத்த வருஷம் என் மகளோடு அவர் கடை வழியாகப் போனபோது அவள் இருமிக்கொண்டே வந்தாள். மடையர் அரத்தைக் கீழே வைத்தார்.

"பயிரு வாடுனா மொறையப் பக்கத்து வயலுக்கு விட்டுக் குடுக்கணும், டீச்சர். இந்த வருசம் என் மொறை பாப்பாவுக்கு. ஆனா தொறந்து விடுறது நாந்தான். அது வழக்கம்."

அப்படித்தான் திறந்துவிட வந்தார். விடுதி மேனேஜர் கேட்டுக்கு வந்து, "சீசன் சார், வேற பார்ட்டிக்கு விட்டாச்சு" என்றார். மாட்டை விற்றவன் அதே மாட்டை இன்னொருவனுக்கும் விற்றால் சந்தையில் கட்டிவைத்து உதைப்பார்கள். அறையை அப்படி விற்றால் அதற்குப் பெயர் சீசன்.

"என் ரூம விட நீ யாருய்யா? நான் ஓனரு."

"நீங்க ஓனர் இல்ல சார், மெம்பர். கெஸ்ட் மாதிரி."

பனி இறங்கியது. மகளின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. மடையரோ மேனேஜருக்குக் கண்மாய்ப் பாசனத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"மொறையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்! பிள்ளைக்கு மூச்சு வரலை, தெரியலையா?" என்று கத்தினேன்.

மடையர் கையிலிருந்த பூட்டைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி போட்டு, அவள் உதட்டில் நிறம் திரும்பும்வரை நான் உயிரோடு இல்லை. இன்றும் அவள் தும்மினால் என் கை தானாக அவள் முதுகுக்குப் போய்விடுகிறது. ஊர் திரும்பியபின் நான் அவரோடு பேசவில்லை. அவர் கடை இருக்கும் பக்கம்கூடப் போகவில்லை.

விடுதிக் கம்பெனியோடு அவர் சண்டைக்குப் போனார் என்பது காதில் விழுந்துகொண்டே இருந்தது. நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். "இவர் நுகர்வோரே அல்ல, அறையின் பங்கு உரிமையாளர். உரிமையாளர் தன் சொத்தின் மேலேயே எப்படிப் புகார் செய்ய முடியும்?" என்று கம்பெனி வக்கீல் கேட்டாராம்.

மடையர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "ஐயா, வாசலுக்குப் போனா நீ விருந்தாளிங்கிறாக. இங்க வந்தா நீ மொதலாளிங்கிறாக. ரெண்டுல ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க, நான் அதுவா இருந்துட்டுப் போறேன்."

தீர்ப்பு அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது. அதற்குள் கம்பெனி பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. தீர்ப்பு இருந்தது, அதற்குக் கட்டுப்பட ஆள் இல்லை.

"சட்டத்துல ஓட்டை. ஓட்டைன்னா மடையன்தான் அடைக்கணும்" என்று கிளம்பினார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எம்.எல்.ஏ. ஒருவரைப் பிடித்து, புதுச் சட்டம் கேட்டார். வார முறையில் வீடு விற்கிறவன் அரசாங்கத்தில் பதிய வேண்டும்; வாங்கியவன் மனம் மாறினால் கெடு வைத்துப் பணத்தைத் திருப்ப வேண்டும்; ஒருத்தன் முறையை இன்னொருத்தனுக்கு விற்றால் ஜெயில். எல்லாவற்றையும் பாயசம் ஆறும்வரை கேட்ட அவர், "இந்த மாதிரி வாங்கினவுக நம்ம தொகுதியில எத்தனை பேருண்ணே?" என்றார்.

"நான் ஒருத்தன்தான்."

"ஒரு ஓட்டுக்கு ஒரு சட்டமா? கட்டுபடியாகாதுண்ணே."

அதன்பிறகு திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசுக்கு மனு. எல்லா மனுவுக்கும் ஒரே தலைப்பு: 'முறை மறுக்கப்பட்டது குறித்து'. வரிசையில் முந்துகிறவர்களை அதட்ட அங்கே அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று கேள்வி.

வேறு வழியில்லாமல் ஒருநாள் அந்தக் கடைக்குப் போக நேர்ந்தது. பீரோச் சாவி உள்ளேயே முறிந்துவிட்டது. மகளும் கூட வந்தாள். மடையர் ஏறிட்டும் பார்க்காமல் சாவியை ராவினார். அப்போது ஒரு அதிகாரி, தோளில் அளவு நாடாவோடு மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தார். கண்மாய்களைப் பார்க்கிற ஆபீஸ்காரர்.

"கொடைக்கானல் மடை விஷயமா மனுக் குடுத்தது யாரு? மொறை குடுக்க மாட்டேங்கிறாங்கன்னு கலெக்டர் ஆபீசுல இருந்து எங்களுக்கு அனுப்பியிருக்காங்க. மடையக் காட்டுங்க, அளக்கணும்."

மடையர் மெல்ல எழுந்தார். தலையைச் சொறிந்தார்.

"மடையன் இங்கதான்யா இருக்கேன். மடையத்தான் காணோம்."

என் மகள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைப் பலகையைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். எப்போதும் சிரிப்பு இருமலில் போய்த்தான் முடியும், பிறகு விசில். என் கை அவள் முதுகுக்குப் போனது. நிமிர்ந்து பார்த்தால், மடைக்குள் முங்கியவரைப் போல மடையரும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் நெஞ்சையே பார்த்து நின்றார்.

விசில் வரவில்லை.

அவர் மூச்சை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரி தாயி, நல்லாச் சிரி" என்றார். "இது ஒன் மொறை."