நூற்றிருபதுக்குத் தொண்ணூற்றேழு வாங்கிய சைலன்சர்

எனக்கு எண்ணும் வியாதி உண்டு. திருச்சியில் நாங்கள் இப்போது இருக்கும் மாடி வீட்டுக்குப் பதினேழு படி. இறங்கும்போதும் பதினேழுதான் வருகிறதா என்று தினமும் சரிபார்ப்பேன். மாத்திரைப் பட்டையில் பத்து என்று அச்சடித்திருந்தாலும் எண்ணாமல் பைக்குள் போடமாட்டேன். எண்ணிப் பார்க்கிறவன் ஏமாறமாட்டான் என்று நம்பியே தலை நரைத்தது. அப்படி நம்பி, வாழ்நாளிலேயே மிக நிதானமாக, பன்னிரண்டு கோணங்களில் ஆராய்ந்து நான் எடுத்த ஒரு முடிவு, என் வலது கெண்டைக்காலில் தழும்பாக இருக்கிறது. நீளம் நாலரை சென்டிமீட்டர்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்து நடந்தது. ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் பர்சேஸ் பிரிவில் இருந்தேன். வயது நாற்பத்தொன்பது. முவைலாவில் மூன்றாவது மாடியில் வீடு. மனைவி கோமதி, ஒரே மகள் ரம்யா.

வளைகுடாவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு கெடு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை கல்லூரிக்கு ஊருக்கு விமானம் ஏறிவிடும். ரம்யாவின் பரீட்சை முடிந்த வாரமே கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டாயிற்று. இன்னும் தொண்ணூற்று நான்கு நாள். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் மிச்ச நாளைச் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தேன்.

கோமதி பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னங்க இது, பொண்ணக் காலேஜுக்கு அனுப்புறோமா, ராக்கெட்டு விடுறோமா?"

அவளுக்கு என்ன, மகளோடு மணிக்கணக்காகப் பேசுகிறவள். என்னிடம் ரம்யா ஒரு நாளைக்குப் பேசியது சராசரியாகப் பதினோரு வார்த்தை. (மூன்று நாள் எண்ணி எடுத்த சராசரி.) அதில் "ஓகே" நான்கு, "ஃபைன்" மூன்று, "அப்புறம் பா" இரண்டு. "அப்புறம் பா" சேர்ந்தே ஒரு வார்த்தை என்று கணக்கிட்டேன், மீதி இரண்டு "ம்". தொண்ணூற்று நான்கைப் பதினொன்றால் பெருக்கிப் பார்த்தேன். ஒரு டெண்டர் பத்திரத்துக்குக்கூடப் போதாது.

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனியின் ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பினார். வில்லாவிலிருந்த சாமான்களை ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். புத்தக அலமாரி எடுக்க நானும் ரம்யாவும் போனோம். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு பழைய போர்வை. ரம்யா அதைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு மோட்டார் சைக்கிள். சாப்பர் என்பார்களே, முன்சக்கரம் தனியாக எங்கோ முன்னால் போய்க்கொண்டிருக்கும், கைப்பிடி மேலே ஏறி நிற்கும், அந்த ஜாதி. ஆனால் குட்டி. சீட்டு என் முழங்கால் உயரம். கைப்பிடி என் மார்பு உயரம். பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு கம்பி வளைவு. நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய காலத்தில் பிறந்த வண்டி.

"அப்பா, சான்ஸே இல்ல பா. சோ கூல். இத நாம எடுத்துக்கலாமா?"

ஒரே மூச்சில் ஒன்பது வார்த்தை. அதில் ஒன்று "நாம". அலமாரியை மறந்தேன். வண்டி வீட்டுக்கு வந்தது.

ஓடியது என்று சொல்லமுடியாது. ஐம்பது சிசி இஞ்சின், ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் இழுத்தது. ஒருவர் உட்கார்ந்தால் நகரும். இரண்டாமவர் உட்கார்ந்தால் யோசிக்கும்.

ரம்யா நிபந்தனை போட்டாள். "நான் ஓட்டணும், நீங்க பின்னாடி உக்காரணும். ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்" என்றேன். காலண்டரில் தொண்ணூற்று மூன்று.

தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில் முத்துக்கருப்பன் என்ற மெக்கானிக் இருந்தார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். நானும் ரம்யாவும் கொண்டுபோன வண்டியைக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். மூன்று நிமிடம்.

"கார்புரேட்டர் உள்ளாற தேஞ்சு போச்சு சார். சைலன்சர் பூராக் கரி. பன்னெண்டு எம்எம் வாய் இருக்கு, பதினாலு போடுவோம். இந்த இஞ்சினுக்குன்னே ஒரு குட்டைப் பைப்பு வருது, அத மாட்டுவோம். வர்ற வெள்ளிக்கெழம பாப்பா ஓட்டலாம். அவ்வளவுதான், கலாஸ்."

அந்த இடத்தில் நான் தலையாட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை, தழும்பும் இல்லை. ஆனால் நான் பர்சேஸ்காரன். ஒரே ஒரு ஆள் சொன்னதை வைத்து ஆபீசில் பென்சில்கூட வாங்கியதில்லை. மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டு அட்டவணை, மதிப்பெண், கையெழுத்து. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அட்டவணை விரிந்தது. கார்புரேட்டர் நான்கு வகை, சைலன்சர் ஐந்து வகை. கேட்லாக் வரவழைத்தேன். துபாய் தேராவில் ஏழு கடை ஏறி இறங்கினேன். சென்னை புதுப்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கடைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். தகுதிகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்: எடை, உலோகத்தின் கனம், பூச்சு, உத்தரவாதம், எத்தனை நாளில் வரும், கேள்விக்குப் பதில் எழுதும் வேகம், பேக்கிங் என்று போகும். பதினோரு வரி எழுதியபின் ஏதோ விட்டுப்போனதுபோல் இருந்தது. பன்னிரண்டாவதாக எழுதினேன்: "நம் வண்டியில் உட்காருமா?"

நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். பல் தேய்க்கும்போது பதினாறு எம்எம் சரியென்று தோன்றும். வாய் கொப்பளிப்பதற்குள் பத்தொன்பது. முத்துக்கருப்பனுக்கு ஒரு நாளில் ஆறு முறை போன் செய்வேன்.

"முத்து, பதினாறு போட்டா என்ன ஆகும்?"

"சார், டூட்டில இருக்கேன் சார். மொதலாளி பாக்குறாரு."

"பதினேழரை?"

"அப்படி ஒண்ணு வரல சார்."

ரம்யா தினமும் மேசையை எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு பார்க்கவில்லை. காலண்டரில் ஐம்பத்தெட்டு.

ஐந்து வாரத்தில் முடிவு வந்தது. கார்புரேட்டரில் பத்தொன்பது எம்எம் முதலிடம். சைலன்சரில், புதுப்பேட்டைக்காரர் சொன்ன பெரிய வண்டிச் சைலன்சர், நூற்றிருபதுக்குத் தொண்ணூற்றேழு. முத்துக்கருப்பனின் குட்டைப் பைப்புக்கு எழுபத்தொன்று. அவர் பேக்கிங்கில் அடிவாங்கிவிட்டார். (பழைய பேப்பரில் சுற்றிவரும் என்று உண்மையைச் சொல்லியிருந்தார்.)

அட்டவணையை அவரிடம் காட்டினேன்.

"சார், பத்தொம்போது பெரிய வண்டிக்கு உள்ளது. கைக்கொழந்தைக்கு அண்டாவுல பால் குடுக்குற மாதிரி. இந்தச் சைலன்சரு இதுல உக்காரவே உக்காராது. வளைவு நேரா உங்க காலு இருக்குற எடத்துக்கு வரும்."

"தெரியும். அதுக்குத்தான் பன்னிரண்டாவது வரில ரெண்டுக்கும் சைபர் போட்டிருக்கேன், பாருங்க."

அவர் பார்த்தார். "சைபர் போட்டுட்டு எதுக்கு சார் வாங்குறீங்க?"

"மொத்தத்தில் அதுதானே முதல்?"

முத்துக்கருப்பன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சாரு படிச்சவங்க" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சைலன்சர், லீவு முடிந்து திரும்பிய என் சக ஊழியர் சபாபதியின் பெட்டியில் வந்தது. துவைத்த துண்டுக்கும் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில். விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் அதைப் பார்த்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, சைலன்சரை எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, முகர்ந்து, "யல்லா" என்று அனுப்பிவிட்டாராம். பாட்டில் கசிந்திருந்தது. சைலன்சர் அரை பாட்டிலைக் குடித்துவிட்டிருந்தது. துடைத்துக் கொடுத்தேன்.

காலண்டரில் பத்தொன்பது மிச்சம் இருந்த வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வெறும் மணல் மனை. ஒரு பக்கம் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்பால் அவர்களுடைய கொடியில் வாரத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

முத்துக்கருப்பன் வண்டியை பிக்கப்பிலிருந்து இறக்கினார். கார்புரேட்டர் ரப்பர் குழாயிலும் கிளிப்பிலும் தொங்கியது. சைலன்சரைக் கட்டுக்கம்பியால் வலதுபக்கம் கட்டியிருந்தார், யானைக்குட்டி தும்பிக்கையைத் திருப்பியதுபோல.

"சார், கேபிள் நீளம் பத்தல. ஆக்சிலேட்டரு எப்பவும் கொஞ்சம் இழுத்துத்தான் நிக்கும். இதுல கிளட்ச் கெடையாது, இஞ்சின் ரெய்ஸ் ஆனா வண்டி தானா கெளம்பிடும். எதுனா ஆச்சுன்னா செவப்பு பட்டன அமுக்குங்க. பாப்பாவ மட்டும் ஏத்தாதீங்க."

"நான்தானே ஓட்டுறதா இருந்துச்சு?" என்றாள் ரம்யா.

"டெஸ்ட் பண்ணிட்டுத் தர்றேன்" என்றேன். புதிதாக வாங்கிய டிராக் சூட்டில் ஏறி உட்கார்ந்தேன். உதைத்தேன். நாற்பத்தோரு உதை. ரம்யா வாட்சைப் பார்த்தாள். நாற்பத்திரண்டாவதில் அது எழுந்தது.

அந்தச் சத்தத்தை எண்ணால் சொல்லமுடியாது, எனக்கே. வண்டி கிளம்பிவிட்டது, நான் கிளம்ப முடிவு செய்வதற்கு முன்னால். வலது காலை வைக்கவேண்டிய இடத்தில் சைலன்சர் இருந்தது. காலைத் தூக்கிக்கொண்டேன். கைப்பிடி மேலே, கால் மேலே, நான் கீழே. அந்தக் கோலத்தில் நேராகக் கிரிக்கெட்டுக்குள் போனேன்.

"யோவ் பெருசு, ஓரமாப் போய்யா."

"அரே பாய், ஹட்டோ, ஹட்டோ."

சிவப்பு பட்டன் ஞாபகம் வந்தது. அது எந்தப் பக்கம் என்பது வரவில்லை. பந்து வீசுகிறவர் ஓடிவந்த பாதியில் நின்றார். ஸ்டம்பாக வைத்திருந்த பெரிய தண்ணீர் கேனை நான் சாய்த்துக்கொண்டு போனேன். (மட்டையாளர் அப்போது கோட்டுக்கு வெளியே நின்றிருந்தார், அவுட்டா இல்லையா என்று கேம்ப்பில் ஒரு வாரம் சண்டை.) அங்கேதான் தூக்கிய கால் சோர்ந்து இறங்கியது. டிராக் சூட் உருகிய வாசனை. கூடவே இன்னொரு வாசனை. சைலன்சருக்குள் இருந்த ஊறுகாய் சூடேறிவிட்டது.

பவுண்டரியில் நின்றவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "யாரோ நார்த்தங்கா வதக்குறாங்கடா."

அடுத்து துணிக்கொடி. ஏழு நீல கவரால் வேலையுடை, நான்கு லுங்கி, ஒரு பெட்ஷீட். அத்தனையையும் சேர்த்துக்கொண்டு மணல் மேட்டில் மோதி நின்றேன். சைலன்சர் கழன்று தனியாக இன்னும் பத்தடி போயிற்று. இஞ்சின் தானாக நின்றது. பத்தொன்பது எம்எம் வாய் நிறைய மணல்.

மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கோமதியின் குரல் வந்தது. "ரம்யா, அப்பாக்கு உசுரு இருக்கா?"

ரம்யா என் தலைமேல் கிடந்த கவராலை விலக்கிப் பார்த்தாள். "இருக்கு மா. வெரல எண்ணிட்டிருக்கார்."

பத்தும் இருந்தது. அவள் மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கேம்ப் ஆட்கள் சிரித்தார்கள். முத்துக்கருப்பன் மட்டும் மரியாதைக்காகத் திரும்பி நின்று சிரித்தார். என் பையிலிருந்து விழுந்த அட்டவணையை ரம்யா எடுத்து விரித்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"அப்பா, இந்தப் பன்னெண்டாவது லைன். 'நம் வண்டியில் உட்காருமா?' அதுக்கு சைபரா?"

"மத்த பதினொண்ணுல நல்ல மார்க்கு மா."

"இதுக்காகவா ரெண்டரை மாசம்?" என்று கேட்டாள். "நான் போறதுக்கு இன்னும் எத்தனை நாள்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்.

அவள் முத்துக்கருப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க மொதல்ல சொன்ன கார்புரேட்டர் இப்ப கிடைக்குமா?"

அவர் டூல் பாக்ஸைத் திறந்தார். பழைய பேப்பரில் சுற்றிய இரண்டு பொட்டலம். "அன்னைக்கே வாங்கிட்டேன் பாப்பா. சாரு கணக்குப் போட்டு முடிக்கட்டும்னு ரெண்டு மாசமா வச்சிருக்கேன்."

முன்சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். இரண்டையும் மாட்ட ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. முதல் உதையில் வண்டி எழுந்து, தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. ரம்யா முன்னால். நான் பின்னால், காலில் கட்டோடு, முழங்கால் இரண்டும் காதருகில். கேம்ப் ஆட்கள் முன்கூட்டியே துணிகளை எடுத்து வைத்திருந்தார்கள்.

"எத்தன ரவுண்டுன்னு எண்ணுறீங்களா?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"இல்ல மா" என்றேன். ஏழு. ஏழாவதில் பாதியிலேயே பெட்ரோல் தீர்ந்தது, தள்ளிக்கொண்டு வந்தோம். அதைச் சேர்க்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. காலண்டரில் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எதற்கு அட்டவணை போட்டாலும், அது ஃபிரிட்ஜோ திருச்சி வீடோ கண் ஆபரேஷனோ, கோமதி ஒரே வார்த்தைதான் சொல்வாள். "பன்னெண்டாவது வரிய மொதல்ல படிங்க." சொந்தக்காரர்கள் வரை பரவிவிட்டது. கதை தெரியாத சின்னப் பிள்ளைகள்கூடச் சட்டை பிடிக்கவில்லை என்றால் "பன்னெண்டாவது வரி சைபர்" என்கிறார்கள்.

பத்து வருடம் கழித்து பெங்களூரிலிருந்து ரம்யா மின்னஞ்சலில் ஒரு தாள் அனுப்பினாள். என் அட்டவணை மாதிரியே கோடு போட்டு, பன்னிரண்டு வரி. சம்பளம், சொந்த வீடு, ஜாதகம், உயரம், தலைமுடி, கணக்கில் திறமை என்று பதினோரு வரிக்கும் அவளே சைபர் போட்டிருந்தாள். பன்னிரண்டாவது: "என்னோடு ஒத்துப்போவாரா?" பத்து. அடியில் பையனின் பெயர்.

நான் கூட்டிப் பார்த்தேன். நூற்றிருபதுக்குப் பத்துதான் வந்தது. "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அந்தப் பையன் முதல் முறை திருச்சி வீட்டுக்கு வந்தான். நான் மேலே வாசலில் காத்திருந்தேன். ஏறிவந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"மொத்தம் பதினேழு படி, சரியா மாமா?"

ரம்யாவின் மதிப்பீட்டில் பிழை இருக்கிறது. பதினோரு வரியில் ஒன்றையாவது அவள் திருத்தவேண்டும்.