போய் வருகிறோம் என்று சொன்ன பிறகும் போகாத கார்

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் வார்த்தை வராது. ஆனாலும் ஒரு டீசல் காரை வைத்துக்கொண்டு என்னைவிட முட்டாள்தனமாக நடந்துகொண்டவர் இந்தக் கேரள எல்லையில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எல்லையோர வடகரப்பதியில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. பெட்ரோல் விலைக்குப் பயந்து அதில் டீசல் என்ஜின் ஏற்றியிருந்தோம். (நின்றால் நடுங்கும், ஓடினால் குமுறும். உள்ளே சாதாரணமாகப் பேசிக்கொண்டு போனாலும் வெளியே பார்ப்பவர்களுக்குச் சண்டை என்றுதான் தோன்றும்.) காலையில் இதைக் கிளப்புமுன் ஒரு சுவிட்சைப் போட்டு அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ளே பழுத்து என்ஜினுக்குச் சூடு கொடுக்கும்.

எங்கள் ஊர் வெயிலில் சீட்டில் உட்கார்ந்தாலே வேட்டி ஒட்டிக்கொள்ளும். இங்கே என்ஜினைத் தனியாக வேறு சூடாக்க வேண்டுமா என்று யோசித்தேன். (யோசித்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.) ஹீட்டர் ஒயரைக் கழற்றி, டாஷ்போர்டில் ஒரு சின்ன ஃபேனை வைத்து அதற்குக் கொடுத்துவிட்டேன். கார் ஒரு குறையும் சொல்லவில்லை.

அந்தக் காரில்தான் தை மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். மூணாறு தாண்டி, கிழங்குத் தோட்டம் போட்டுக் குடியேறியிருந்த எங்கள் சனத்தில் ஒரு வீடு. நான், அம்மா, தாய்மாமன். கார் போகிற வழி அந்த வீட்டு வாசலோடு முடிந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே தெரிந்தவர் வீட்டில் படுத்தோம். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

பெண் பெயர் சரசு. எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மாமனுக்குப் பிடிக்கவில்லை. "புள்ள ரொம்பக் கேள்வி கேக்குது" என்றார்.

விடிந்ததும் நல்ல நேரம் பார்த்து வாசலில் நின்று, "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறமுங்க" என்றார் மாமன். இதற்கு என்ன அர்த்தம் என்று பெண் வீட்டாருக்குத் தெரியும். அவர்கள் முகம் வாடியது. நாங்கள் காரில் ஏறினோம். சாவியைத் திருகினேன்.

'ர்ர்ர்' என்று இழுத்தது. மறுபடி 'ர்ர்'. பானட் மேல் உறைபனி வெள்ளைச் சுண்ணாம்பு போலப் படிந்திருந்தது. நான் கதவில் கை வைத்தேன்.

"எறங்காத!" என்றார் மாமன். "சொல்லிட்டு ஏறுன வண்டிய உட்டு எறங்குனா சகுனம் என்னாவறது?"

"எறங்காம எப்படிங் மாமா பாக்கறது?"

"உக்காந்துட்டே பாரு."

பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, பெண்ணின் அப்பாவையே பானட்டைத் திறக்க வைத்தேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கோஷா வீட்டில் திரைக்கு வெளியே நின்று நோய் கேட்கும் வைத்தியன் மாதிரி கேட்டேன்.

"டீசல் பைப்புல ஒழுக்கு இருக்குங்களா?"

"இல்லீங் தம்பி."

"பேட்டரி முனை கெட்டியா இருக்குங்களா?"

"கெட்டியா இருக்குதுங்க. எனக்குத்தான் கை வெறச்சுப் போச்சு."

இன்னொரு தடவை திருகினேன். காரின் பின்னாலிருந்து சரசுவின் குரல் வந்தது.

"வெள்ளப் பொகை வருதுங்க!"

நான் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். (பெண்ணிடம் புகையைப் பற்றி எப்படிப் பேசுவது?)

"அப்ப டீசல் உள்ள போவுது, சூடு பத்தாம எரியல. எங்க கெழங்கு லாரிக்கும் இதேதான். ஏனுங்க, ஹீட்டரப் போட்டீங்களா?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பழகிய கை தானாகப் போய்ச் சுவிட்சைப் போட்டது.

ஃபேன் சுற்றியது. அந்த உறைபனியில், மப்ளரைச் சுற்றிக்கொண்டு பல் கிட்டிப் போயிருந்த மாமனின் முகத்தில் ஜம்மென்று காற்று அடித்தது.

சரசு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். பின் சீட்டில் அம்மாவும் சேர்ந்துகொண்டது.

"அதை நிறுத்துடா!" என்றார் மாமன்.

எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று பெண்ணின் அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அவள் நிற்கும்போது சொல்ல வராது. அதனால் இறங்கினேன். (அந்த வாசலில் இறங்க எனக்கு வேறு காரணமும் இருந்தது. அதை மாமனிடம் சொல்லவில்லை.)

"கெடுத்தியேடா!" என்று மாமன் தலையில் கை வைத்தார்.

அம்மா நிதானமாகச் சொன்னது: "பயணம் தடைபட்டா அந்த ஊட்டுக்குள்ள போயி வவுத்துக்கு ஏதாச்சும் போட்டுட்டுத்தான் மறுக்காக் கெளம்போணும். நீதானண்ணா எப்பவும் சொல்லுவ?"

சொல்லிவிட்டு அம்மாவும் இறங்கிவிட்டது. சாப்பிடாமல் கிளம்பினால் சகுனக் குற்றம். சாப்பிட்டால் சம்மதம். இரண்டுமே மாமன் விடாப்பிடியாகக் காத்த சட்டம். காருக்குள் தனியாக உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். நான் ஒயரை எவ்வளவு மெதுவாக மாட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக மாட்டினேன். அடுப்படியிலிருந்து கோழிக்குழம்பு வாசம் வந்தது. கட்டுச்சோறு முதல் நாளே தீர்ந்திருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. மாமன் இறங்கினார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய், கை கழுவி, இலை முன் உட்கார்ந்தார்.

அவர் முதல் இட்லியைப் பிட்டுக் குழம்பில் தோய்க்கும் வரை சரசுவின் அப்பா மூச்சு விடவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "வாங்க மாப்ள, உக்காருங்க" என்றார். அதுவரை நான் தம்பி.

சாப்பிட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டு அரை நிமிஷம் காத்திருந்தேன். ஒரே இழுப்பில் கார் கிளம்பியது.

இன்றைக்கும் யாராவது கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விழித்தால், சரசு அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "கொஞ்சம் பொறுங்க, அவருக்கு இன்னும் ஹீட்டர் சூடாகல." இப்போது பேரப் பிள்ளைகளும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள்.

அன்று ஊர் திரும்பிய மறுநாளே, எங்கள் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாமன் பக்கத்துச் சித்தூருக்குப் போனார். பஸ்ஸில்தான் போனார்.