மேட்டுத் தெருக் குழாயைப் பிடுங்கிய தீர்மானம்

மேட்டுத் தெரு,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி கர்ணனுக்கு உன் அக்கா கஸ்தூரி எழுதுவது.

வீரபாண்டி கௌமாரி புண்ணியத்தில் நீயும் பவானியும் மதுரையில் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமா என்று நீ கேட்கவில்லை, ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன், இல்லை. போனில் சொல்லலாம்தான். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படி வைக்க முடியாது. என் மூணாங்கிளாஸ் எழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆன உன்னை விட்டால் நம் வகையறாவில் மனு எழுதத் தெரிந்தவர்கள் யாருமில்லை, அதனால்தான் எழுதுகிறேன், பாசத்தினால் அல்ல.

விஷயம் என்னவென்றால், பிள்ளையார் கோயில் பக்கத்தில் இருந்த நம் தெருக்குழாயைப் பேரூராட்சிக்காரர்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்தாயிற்று, இனித் தெருக்குழாய் நின்றால் ஊருக்குக் கேவலம் என்று மன்றத்தில் தீர்மானமாம். இணைப்புக் கொடுத்தது நிஜம்தான். என் வீட்டுக் குழாயைத் திறந்தால் நல்லபாம்பு மாதிரிச் சீறும், அதோடு சரி. தெருவில் என் வீடுதான் உச்சி மேடு, முல்லையாற்றுத் தண்ணீருக்கு அவ்வளவு தூரம் ஏற மூச்சு இல்லை. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் குடிநீர் வரி கட்டுகிறேன். தண்ணீர் கொட்டுகிற ஒரே வீடு தெருவின் அடிப்பள்ளத்தில் இருக்கிறது, அது யார் வீடு என்று உனக்கே தெரியும். என் ஓரகத்தி மகாலட்சுமி வீடு. என் மகள் ராஜாமணி சடங்கில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நாலு பேர் காதில் விழ "கறி வேகல"ன்னு சொன்னவள். வேகாத கறியை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றதையும் நான் பார்த்தேன். அன்றைக்குச் சொன்னேன், உன் வீட்டுப் பச்சைத் தண்ணி என் பல்லில் படாது என்று. ராஜாமணிக்குப் பேரன் பேத்தி பிறந்தாச்சு, என் சொல் இன்னும் நிற்கிறது.

இந்தத் தீர்மானத்தை எந்தப் பாவி நிறைவேற்றினான் என்று கேட்பாய். நம் வார்டு கவுன்சிலர்தான், என் மருமகள் ராஜாத்தி. பொம்பளை வார்டு என்று அறிவித்ததும் என் மகன் ஈஸ்வரபாண்டி அவளை நிறுத்தினான், முட்டி வலியோடு வாசல் வாசலாக ஏறி இறங்கிக் கும்பிட்டது நான். ஜெயித்ததும் ரெண்டு பேரும் பைபாஸ் பக்கம் போர் போட்டுப் புது வீடு கட்டிப் போய்விட்டார்கள். பால் காய்ச்சுகையில் முதல் டம்ளரை மகாலட்சுமி கையில் கொடுத்தார்கள், அதனால் நான் அந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை. திராட்சைத் தோட்டத்து மோட்டாரில் குடம் பிடித்து வந்து காலத்தை ஓட்டினேன், அந்தத் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, இருந்தாலும் மகாலட்சுமி வாடை அடிக்கவில்லையே என்று குடித்தேன்.

அப்புறம் போன மாதம் பக்கத்து வீட்டுச் சுருளியாண்டி செத்துப்போனான். குளிப்பாட்டுவதற்கு நீர்மாலை எடுக்க வேண்டுமே, வழக்கம்போல் தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு கொட்டு முழக்கத்தோடு பங்காளிகள் எல்லாரும் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். குழாய் போன நினைப்பு ஒருத்தனுக்கும் இல்லை, அங்கே சிமிண்டு வைத்து அடைத்த ஓட்டைதான் இருக்கிறது. கொட்டுக்காரர்களே அடிக்கிறதை நிறுத்திவிட்டார்கள். செம்பும் கையுமாக நின்று யோசித்துவிட்டுக் கடைசியில் மொத்தச் சனமும் சரிவில் இறங்கி மகாலட்சுமி வாசலுக்குப் போனது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். திறந்தவள் சும்மா இருந்தாளா?

"எம்புட்டு வேணும்னாலும் புடிச்சுக்கங்க. மேட்டுல ஒருத்தி இருக்காளே, நாளப்பின்ன அவளுக்கும் இங்கனதான் வரணும்."

தெருவே கேட்டது. துக்க வீடு என்று நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. குடிக்கிற தண்ணீருக்குத் தோட்டம் இருக்கிறது. செத்த பிறகு நான் எழுந்து தோட்டத்துக்குப் போக முடியுமா? என் வாய் மூடிக் கிடக்கையில் அவள் வீட்டுத் தண்ணீரை என் தலையில் ஊற்றினால் நான் கட்டிக் காத்த சொல் என்ன ஆகும்?

மன்றத்தின் அடுத்த கூட்டத்தன்று பேரூராட்சி ஆபீசுக்கே போய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே கண்ட கூத்தைச் சொல்கிறேன் கேள். பொம்பளைக் கவுன்சிலர்கள் முன்வரிசை, அவரவர் புருசன்மார் பின்வரிசை. கிளார்க் ஒருத்தர் தீர்மானங்களைப் பொருள் ஒன்று, பொருள் ரெண்டு என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்தார். சேர்மன் அழகுமலை பாதியிலேயே, "எல்லாரும் படிச்சிருப்பீக, ஆல் பாஸ்தான?" என்றார். ஈஸ்வரபாண்டி காலால் ராஜாத்தி நாற்காலியை ஒரு இடி இடித்தான், அவள் மேசையைத் தட்டினாள், எல்லாரும் தட்டினார்கள், தட்டின சத்தம் அடங்குமுன் வடை வந்துவிட்டது. இப்படித்தான் தம்பி என் குழாயும் போயிருக்கிறது. ராஜாத்தியைக் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். வாயில் இருந்த வடையை விழுங்கிவிட்டுச் சொல்கிறாள்:

"கடசிப் பொருளு வரைக்கும் யாரு அத்த படிக்கிறாக? நம்ம குழாய்னு எனக்கே அவுக பிடுங்க வரயிலதான் தெரியும்."

செயல் அலுவலர் அனிதா மேரி என்று ஒரு அம்மா, மரியாதையாகத்தான் பேசினார்கள். மன்றம் போட்ட தீர்மானத்தை மன்றம்தான் மாற்றணும், தன் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். சேர்மன் குறுக்கே விழுந்து, "ஒங்க மருமகளே மேசயத் தட்டி நிறைவேத்துனதுதான ஆத்தா" என்றார்.

"எம் மருமக கொசு அடிச்சாலும் தட்டத்தான் செய்வா. அதயும் தீர்மானம்னு எழுதிக்கிருவீகளா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், ஈஸ்வரபாண்டியும் சிரித்தான். பெத்தவளுக்குத் தண்ணி இல்லை என்கிற பேச்சில் பெத்த மகன் சிரிக்கிறான். அவன் அப்பன் என் நகையை அடகு வைத்த அன்றைக்கு இப்படித்தான் சிரித்தார், அதே பல்.

ஆகையால் தம்பி, கலெக்டருக்கு நீ கைப்பட ஒரு மனு எழுத வேண்டும். ராஜாத்தி பதவியைப் பறிக்க வேண்டும், படிக்காமல் தட்டினவர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், பின்வரிசைப் புருசன்மாரை அந்த வாசலில் நிற்கவிடக் கூடாது. மகன் மருமகள் என்று தயவு பார்க்காதே, நான் பார்க்கவில்லை. ஈஸ்வரபாண்டி எனக்குக் கொள்ளி வைக்கவும் வரவேண்டாம், நீ வைத்தால் போதும், முறை இல்லை என்று எவனாவது பேசினால் என் பெயரைச் சொல். இனி எந்தக் கட்சிக்காரன் வந்து கும்பிட்டாலும் ஓட்டுச்சாவடிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

பவானிக்கு என் ஆசீர்வாதம், என் பேரன் கல்யாணத்துக்கு அவள் வராததை மறந்துவிட்டேன் என்று சொல். நீ தீர்க்காயுசாக இருந்து மனுவை முடித்துக் கொடு.

இப்படிக்கு,
உன் அக்கா கஸ்தூரியம்மாள்

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப் போகையில் வாசலில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. நான் திரும்பிய பிறகு அதே கூட்டத்தில் ஈஸ்வரபாண்டி அவசரப் பொருள் என்று ஒன்றை உள்ளே தள்ளி ஆல் பாஸ் வாங்கிவிட்டானாம். பழைய இடத்தில் வைக்கவில்லை, நேராக என் வாசற்படிக்கு எதிரில் புதுக் குழாய், சுற்றிச் சிமிண்டு மேடை, மேலே ராஜாத்தி பெயர் பெயிண்டில். இதற்காகப் பள்ளத்தில் பழைய லைனை வெட்டி மேலே திருப்பியதில் மகாலட்சுமி வீட்டில் தண்ணீர் நின்றுபோய் இப்போது அங்கேயும் பாம்பு சீறுகிறது. சாயங்காலம் அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறி வந்து, என் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுவிட்டுப் போனாள். நான் சன்னலைச் சாத்தவில்லை. மனு எழுதாதே. எழுதியிருந்தால் கிழித்துப்போடு, ராஜாத்தி சின்னப் பிள்ளை, போகப் போகப் படித்துக்கொள்வாள். அடுத்த தேர்தலுக்கு நீயும் பவானியும் வந்து பத்து வீடு ஏறி இறங்குங்கள். புதுக் குழாயிலும் இன்னும் தண்ணீர் வரவில்லை, அது கிடக்கட்டும், இப்போதைக்கு நான் சாகிற மாதிரி இல்லை.