ஆமைக்குக் கண் வைத்தவர்

அமெரிக்கச் சட்டத்தை வருஷத்தில் பாதிக்கு மேல் பகிரங்கமாக மீறியும் ஒருநாள்கூட ஜெயிலுக்குப் போகாதவர், எனக்குத் தெரிந்து வெஸ்ட் வின்ட்சரில் இருந்த ஸ்டாண்டர்ட் டைம் அங்கிள் ஒருவர்தான்.

கோடை வந்தால் அங்கே எல்லோரும் சட்டப்படி கடிகாரத்தை ஸ்டாண்டர்ட் டைமிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அவர் மட்டும் தொடமாட்டார். "கவர்மென்ட் ஆர்டர் போட்டா சூரியன் சீக்கிரம் வந்துடுவானா? ராகுகாலம் சூரியன் கணக்குப்பா" என்பார். ஆபீசுக்குப் போக மட்டும் மனசுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். நல்ல காரியம் என்றால் அதுவும் கிடையாது. ஜூலையில் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டவர்கள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பார். மறுபடி குக்கர் வைக்க வேண்டியதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், எங்கள் பூங்காவுக்கு ஊரே சேர்ந்து ஒரு பெரிய ஆமை செய்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாபே மக்கள், உலகமே ஓர் ஆமையின் முதுகில் இருக்கிறது என்பார்கள். அந்த இனத்துப் பெண் சிற்பி ஒருவர் சிமெண்டில் ஆமையை உருவாக்க, ஓட்டின் மேல் பதிக்கும் களிமண் வில்லைகளை ஊர்க்காரர்கள் செய்தோம். அந்தப் பக்கத்து மரமும் பறவையும்தான் வரலாம் என்பது நிபந்தனை. நம் வீட்டுப் பெண்கள் மயிலும் மாங்காயுமாகச் செய்துகொண்டு வந்து நின்றார்கள். தமிழ்க் குடும்பங்களுக்குப் பொறுப்பாளி என்ற முறையில் சிற்பியிடம் அசடு வழிந்தவன் நான்.

அங்கிள் செய்தது இரண்டு கண்கள். கறுப்பாக, பளபளவென்று அத்தனை அழகு. ஆனால் கையோடு கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அதுவும் நல்ல நேரம் பார்த்து என்று சிற்பிக்கு விளக்கினார். அவருக்கும் அது பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் வந்துவிடும், ஆகவே நாலு மணி என்று அங்கிளே நேரம் குறித்தார். எந்த நாலு மணி என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு, நாலு மணி. மேயர் வந்தாயிற்று. ஆமையைப் பார்க்கவென்றே, லெனாபே மக்களை அந்தக் காலத்தில் துரத்திவிட்ட ஒக்லஹோமாவிலிருந்து வந்த சிற்பியின் அம்மா முன்வரிசையில் இருந்தார். ஐந்தேகாலுக்கு அவரை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப்போகக் கார் வந்துவிடும். ஆமை கண்ணில்லாமல் நிற்கிறது. அங்கிளுக்குப் போன் செய்தால் மெஷின் பேசுகிறது. கண்களுக்கு அர்ச்சனை செய்ய பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அவருடைய கடிகாரத்தில் இப்போது மூன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்று மேயரிடம் கெஞ்சினேன். அரசியல்வாதியிடம் அப்படிக் கேட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். அவரும் மனம் கோணாமல் சாக்கடைக் குழாய் வரைக்கும் பேசினார். அந்த அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்து அடிக்கப் போகும்போது, மடித்துக்கட்டிய வேட்டியும் எவர்சில்வர் டப்பாவுமாக அங்கிள் வந்தார்.

"என்னப்பா, அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டீங்க?"

கோபத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணைப் பதிக்கப் போனவர் சட்டென்று நின்றார். கேமராவுக்காக மேயர் ஆமைக்கு நேர் எதிரே நின்றிருந்தார். "சார், ப்ளீஸ் மூவ்" என்று அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கண் திறந்ததும் மொதல் பார்வை யார் மேல விழுதுங்கறது முக்கியம்ப்பா. நாமெல்லாம் நேத்து வந்தவங்க. மேயரும்தான். அந்த அம்மாவைக் கூட்டிண்டு வந்து இங்க நிறுத்து. அவங்க மண்ணு இது."

நான் போய் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா கைப்பையை மகளிடம் கொடுத்துவிட்டு எதிரே வந்து நின்றார். இரண்டு கண்ணும் ஏறின. ஆமையின் மூக்கைத் தொட்டபடி அந்த அம்மா கொஞ்ச நேரம் அழுதார், சிரித்தார். பிறகு கார் வந்தது.

அங்கிளைத் திட்டுவதற்கு ஒரு மணி நேரமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கிட்டே போனால், இரண்டு கையிலும் சிமெண்டோடு குழந்தை மாதிரி நிற்கிறார். பாட்டிலைத் திறந்து, அவர் கை அலம்பத் தண்ணீர் ஊற்றினேன். என் அப்பாவுக்குக்கூட நான் அப்படி ஊற்றியதில்லை.