மௌஸுக்குப் பரஸ்தானம்

மாட்டுங்கா,
செவ்வாய்க்கிழமை.

விக்ரோலி ஸ்ரீ விஸ்வேஸ்வரன் அவர்களுக்கு, தங்களைச் சம்பந்தி என்று அழைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தவிக்கும் பஞ்சாபகேசன் அநேக நமஸ்காரம். இவ்விடம் கம்ப்யூட்டர் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் மாமியும் சிரஞ்சீவி கிருஷ்ணாவும் சௌக்கியமாக இருக்கவேண்டும்.

கிருஷ்ணாவின் ஜாதகம் கிடைத்தது. என் பெண் மானசாவுக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுத் தாங்கள் போன் செய்தபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருப்பதாக என் மனைவி ஷ்யாமளா சொன்னாள். இப்படி யாராவது நாள் முழுக்கக் குளிப்பார்களா? தாங்களும் பெரிய மனசு பண்ணி நம்பினீர்கள். உண்மையை எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பக் கல்யாணங்கள் அத்தனைக்கும் பொருத்தம் பார்த்தது என் கம்ப்யூட்டரில் இருக்கும் ஜாதக ப்ரோகிராம்தான். மாட்டுங்காவில் ஜோசியருக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இது எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றேதான் சொல்லும். தங்கள் பையன் ஜாதகம் வந்த அன்றே கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டாக வேண்டும் என்றாள் மானசா. "ப்ரோகிராம் போயிடுமேடி! அதோட சிடி, புறா வராம இருக்க பால்கனியில தொங்கிண்டிருக்கு, ஒரே கீறல்!" என்று அலறினேன். "டென்ஷன் மத் லோ அப்பா, கவலையே படாதே. 'எல்லாத்தையும் வெச்சுக்கோ'ன்னு ஒரு ஆப்ஷன் வரும், அதை அமுக்கினா இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கும்" என்றாள். பழைய குடித்தனக்காரர் எல்லோருக்கும் அதே இடத்தில் புது ஃபிளாட் என்று எங்கள் பில்டிங்கை இடிக்க வந்த பில்டரும் இப்படித்தான் சொன்னார். ஆனால் அவளுக்குக் கிருஷ்ணாவைப் பிடித்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்ததால் சரி என்றேன்.

மானசாவுக்கு ஒழிந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. அதுவோ ராகுகாலம். ஊர்க் காலண்டர்படி ஆறு மணிக்கு முடியும்; பம்பாய் சூரியன் தாமதமாக மறைவதால் ஏழு வரை நீளும் என்பது ஷ்யாமளா கட்சி. நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள் பையை மட்டும் முன்னதாகப் பக்கத்து வீட்டில் வைத்துப் பயணம் தொடங்கியதாகக் கொள்வார்களே, பரஸ்தானம், அதைக் கம்ப்யூட்டருக்கும் செய்துவிடலாம் என்றாள். மூன்று மணிக்கு மௌஸைக் கழற்றி, எதிர்வீட்டு சுஷ்மாவிடம் கொடுத்துவிட்டு, கீபோர்டில் 'என்டர்' என்று போட்ட பெரிய பித்தானாகப் பார்த்துச் சந்தனமும் இட்டாள்.

ஐந்து மணிக்கு மானசா எங்கிருந்தோ ஒரு சிடியைக் கொண்டுவந்து வேலையை ஆரம்பித்தாள். 'எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவா, ஃபைல்களை மட்டுமா, எதுவுமே வேண்டாமா' என்று திரை கேட்டது. மௌஸ் எங்கே? சுஷ்மா வீட்டில். சுஷ்மா எங்கே? வீட்டைப் பூட்டிக்கொண்டு தாதருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். மானசா அவளுக்குப் போன் செய்ய ஹாலுக்கு ஓடினாள். திரையோ என்னையே முறைத்துப் பார்த்தது. எனக்குக் கை பரபரத்தது. சந்தனம் ஈரமாக இருக்கிறதே, உள்ளே இறங்கிவிடப்போகிறதே என்று துண்டால் துடைத்தேன் ஸ்வாமி, துடைத்தேன், அவ்வளவுதான்! திரை எதையோ ஒப்புக்கொண்டு இருண்டுவிட்டது. எதை ஒப்புக்கொண்டது என்று நான் பார்க்கவில்லை, என் கண் பித்தான்மேல் இருந்தது. "ஏன்னா, சும்மா உக்காந்திருக்கப்படாதா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஷ்யாமளா.

விடிந்து பார்த்தால் திரையில் நீலக் கடலும் ஒரு மலையும். ப்ரோகிராமைக் காணோம். மானசா காப்பிகூடக் குடிக்கவில்லை. பொருத்தம் சொல்ல ஆளில்லாவிட்டால் என்ன, குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது, அது போதாதா? ஆகவே எங்களுக்குப் பூரண சம்மதம். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளக் குடும்பத்தோடு வரவேண்டும். மாமிக்கு நமஸ்காரம், கிருஷ்ணாவுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பஞ்சாபகேசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மானசா ஓடிவந்து, "அப்பா, ப்ரோகிராம் எங்கேயும் போகலை! ஐகான்தான் ஒளிஞ்சிண்டிருந்தது!" என்று குதித்தாள். நானும் குதித்தேன். இரண்டு ஜாதகத்தையும் போட்டோம். பத்துக்கு இரண்டு என்றது. மறுபடி போட்டோம். அதே இரண்டு. எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றேதான் சொல்லும் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். வெள்ளிக்கிழமையில் மாற்றமில்லை. நாளைக்கே சிஸ்டத்தை மறுபடி போடுகிறோம், இந்தத் தடவை 'எதுவுமே வேண்டாம்'. ஷ்யாமளா இப்போதுதான் மௌஸைக் கழற்றிக்கொண்டு சுஷ்மா வீட்டுக்குப் போகிறாள். செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி, ராகுகாலம் என்று நினைவுபடுத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.