வான்கோழிக்கு எந்தச் சோக்?

ரொறன்ரோ,
1988 ஏப்ரல் 11.

பெருமதிப்புக்குரிய அத்தான் குலசிங்கம் அவர்களுக்கு,

மைத்துனன் இராஜரட்ணம் பணிவோடு எழுதிக்கொள்வது. லண்டன் குளிரில் உங்கள் நெஞ்சுச் சளி இளகவும், அக்கா முழங்கால் நோவில்லாமல் படி ஏறி இறங்கவும் நல்லூர் முருகனை வேண்டுகிறேன். வேண்டுகிறேன் என்று எழுதக் கை கூசுகிறது. அவர் முகத்தில் விழிக்க முடியாத நிலையில் இருக்கிறேன், காரணத்தைக் கீழே எழுதுகிறேன். நீங்கள் வவுனியாவில் வயல் கமம் செய்தபோது பன்றி சுடத் துவக்கு வைத்திருந்தவர். எங்கள் சொந்தத்துக்குள் துவக்கைப் பற்றி விசாரிக்க வேறு ஆளில்லை. ஆகையால் இதைக் கண்ட அன்றே பதில் போட வேண்டும்.

எங்கள் மகள் புனிதவதிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. மட்டக்களப்பு ஆட்கள், இங்கே பக்கத்து ஊரான பிறம்ரனில் இருக்கிறார்கள். தகப்பன் கனகசிங்கம் ஒரு வெயார்ஹவுஸில் சுப்பர்வைசர். பொடியன் கணக்காளர், அடக்கமானவன், சத்தமாகத் தும்மக்கூட மாட்டான். சாதகமும் பொருந்திவிட்டது. இப்படி எல்லாம் நல்லபடி போவது தரகர் இரத்தினவேலுக்குப் பொறுக்கவில்லை போலும். கனகசிங்கத்தார் வேட்டைப் பிரியர் என்று அறிந்ததும், பெண்ணின் தகப்பனும் ஊரில் பேர்போன வேட்டைக்காரன் என்று அவிழ்த்துவிட்டிருக்கிறார். நான் தபால் கந்தோரில் முத்திரை குத்தியே தலை நரைத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கடிக்கிற நுளம்புக்கு அடித்தாலும் என் கன்னத்தில்தான் விழும். பெண் பார்க்க வந்த அன்று கனகசிங்கத்தார் சோபாவில் நெருங்கி இருந்துகொண்டு, "அண்ணன், வான்கோழிக்கு நீங்க எந்தச் சோக் போடுவீங்க? எத்தினையாம் நம்பர்?" என்று கேட்டார். அந்த நேரம் என் வாயில் வடை. அதை விழுங்கி மறுப்பதற்குள், இந்த வசந்தத்தில் என்னையும் வேட்டைக்குக் கூட்டிப் போவதென்று அவர் முடிவுகட்டிவிட்டார். மாட்டேன் என்றால் பொய் வெளிப்படும், பொய் வெளிப்பட்டால் சம்பந்தம் குழம்பும். பிள்ளைக்கு இருபத்தெட்டு வயதாகிறது, அத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த மாகாணத்தில் காட்டு வான்கோழி வேட்டையைப் போன வருஷந்தான் திறந்துவிட்டார்களாம். உடம்பில் சுட்டால் செட்டை தடுத்துவிடுமாம், தலைக்கும் கழுத்துக்குந்தான் வைக்க வேண்டுமாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன், கனகசிங்கத்தார் என்னைக் கூட்டிப்போன துவக்குக் கடையின் றொபேட். சோக் என்பது குழல் வாயில் திருகிப் பூட்டும் ஒரு சிறிய உருளை. அகன்றதைப் பூட்டினால் ஈயக் குண்டுகள் வெளியே வந்ததும் பரந்துவிடும், ஒடுக்கமானதைப் பூட்டினால் நெருக்கமாகப் போகும். அதை 'ஃபுல்' என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் இருக்கிறது. ஒடுக்கமானதுதான் வான்கோழிக்கு நல்லதாம், ஆனால் கோழி மிகக் கிட்ட நின்றால் அதே ஒடுக்கத்தால் தவறியும் விடுமாம். கோழி எங்கே நிற்கும் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது? தோட்டா விவகாரம் இதைவிட மோசம். நாலாம் நம்பர்க் குண்டு பெரிது, ஆறாம் நம்பர் சிறிது, இது எந்த ஊர்க் கணக்கோ தெரியாது. பெரிதென்றால் எலும்பை முறிக்கும், ஆனால் தோட்டாவுக்குள் கொஞ்சந்தான் கொள்ளும். சிறிதென்றால் நிறையக் கொள்ளும், ஆனால் தூரம் போகப் போகப் பலம் போய்விடும். எதற்கும் நடுவில் நின்று தப்பலாம் என்று நான் ஐந்து என்றேன். றொபேட் என் முதுகில் தட்டி, விஷயம் தெரிந்த ஆள் என்றான். அன்று தொடக்கம் கனகசிங்கத்தாருக்கு என்மேல் மதிப்புக் கூடி, என் நிலைமை இன்னும் கெட்டுப்போனது.

வேட்டைக்குப் போகிறவர்கள் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். இவர்கள் இங்கிலீஷ் பேசும் வேகம் எனக்குப் பிடிபடாததால் புனிதவதியும் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினாள். காட்டுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் ஆகாது, வான்கோழிச் சேவலின் தலை அந்த நிறம், வேறொருவன் உங்களைக் கோழி என்று நினைத்துச் சுட்டுவிடுவான் என்று வாத்தியார் சொன்னார். அன்று நான் வெளிக்கிடும்போது மனைவி தவமணி, போகிற காரியம் ஆபத்தானது என்று என் நெற்றி நிறையத் திருநீறு பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டும் வைத்து அனுப்பியிருந்தாள். வாத்தியார் என்னை எழும்பி நிற்கச் சொல்லி, வகுப்பையும் என் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னார். எல்லாரும் வடிவாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள்.

போன சனிக்கிழமை மார்க்கம் என்ற ஊருக்கு வடக்கே ஒரு கமக்காரனின் காணியில் சுட்டுப் பழகப் போனோம். குண்டுகள் எப்படி விழுகின்றன என்று பார்க்கப் பெரிய தாள் வேண்டும். அதை நான் கொண்டு வருகிறேன் என்று பெரிய மனுஷத்தனமாக ஏற்றுக்கொண்டேன். அலுமாரிக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்த பழைய கலண்டர் ஒன்றை எடுத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் புனிதவதியைக் கொண்டு கோழியின் தலையும் கழுத்தும் கீறுவித்தேன். முப்பது கஜத் தூரம், ஃபுல் சோக், ஐந்தாம் நம்பர், மூன்று அங்குலத் தோட்டா. கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தேன். அது உதைத்த உதையில் என் தோள் இன்னும் நீலம் பாரித்துக் கிடக்கிறது, அந்த நிறமும் காட்டுக்கு ஆகாதது. கனகசிங்கத்தார் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, கழுத்தில் மட்டும் பதினொரு குண்டு என்று என்னைக் கட்டிப்பிடித்தார். நான் தாளைத் திருப்பினேன். மறுபக்கம் வள்ளி தெய்வானையோடு முருகன். பதினொன்றும் மயிலின் கழுத்தில், மற்றவை தோகையில். சுவாமிமேல் ஒன்றுகூட இல்லை. அகன்ற சோக் போட்டிருந்தால் அம்மன்மாருக்கும் பட்டிருக்கும் என்று எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டேன். தவமணியிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன், அவள் தேறவில்லை. "பிள்ளையின்ரை கலியாணம் பேசிற நேரத்திலை சுவாமியின்ரை மயிலைச் சுட்டுப்போட்டு வந்து நிக்கிறியளே" என்று அழுதாள். இப்போது அந்தப் படம் சுவாமித் தட்டில் இருக்கிறது, ஒவ்வொரு ஓட்டைக்கும் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறாள். விளக்கு வைக்கும்போதெல்லாம் மயில் என்னையே பார்க்கிறது. வான்கோழியும் வாலை விரித்துக்கொண்டுதான் நிற்குமாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒடுக்கமான சோக்கோடு போய்க் கோழியை விழுத்துவதா, அல்லது அகன்றதைப் பூட்டி மரியாதையாகத் தவறவிடுவதா? விழுந்தால் பாவம், தவறினால் கலியாணம் போச்சு. பழியைச் சோக்கின்மேல் போட்டுத் தப்பக்கூடிய தூரம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் எல்லாச் செல்வமும் பெருகி, பேரப்பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர வேண்டும். தவமணியும் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
கலங்கிய மனதோடு,
இராஜரட்ணம்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் பரீட்சை முடிவு வந்தது. மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். நான் சித்தியடையவில்லை. பக்கத்தில் சும்மா இருப்பானேன் என்று புனிதவதியும் ஒரு வினாத்தாள் வாங்கி எழுதியிருக்கிறாள், அவள் சித்தியடைந்துவிட்டாள். இனி மறைத்து வேலையில்லை என்று கனகசிங்கத்தாருக்கு ரெலிபோன் எடுத்து, தபால் கந்தோர் முத்திரை உட்பட முழுவதையும் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "என்ட மகனும் வெடிச் சத்தம் கேட்டா ஓடுறவன்தான் அண்ணன். வேட்டைக்கு வீட்டில ஒரு துணை இல்லயே எண்டுதான் எனக்குக் கவலை. புள்ளைய அனுப்புங்க" என்றார். சீதனப் பேச்சே வேண்டாமாம், புனிதவதி தனக்குப் பிடித்த சோக்கைக் கொண்டுவந்தால் போதுமாம். அவள் இப்போதே றொபேட் கடைக்குப் போய்விட்டாள். வேட்டையன்று என்னையும் மாப்பிள்ளையையும் வீட்டில் நின்று வெங்காயம் உரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கலியாணம் நிலைத்ததில் நெஞ்சு குளிர்ந்துவிட்டது, ஆனால் நீங்களும் வாருங்கோவன் என்று ஒருவரும் ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காதது எனக்கு மனவருத்தந்தான், அத்தான். துவக்கு விஷயமான உங்கள் பதிலை இனி புனிதவதி பெயருக்கே அனுப்புங்கள். எனக்கு அக்காவைக் கேட்டு ஒன்று மட்டும் எழுதுங்கள்: இருபது இறாத்தல் கோழிக்கு எத்தனை கரண்டி மிளகாய்த்தூள் போடுவது?