மீன்காரம்மாக்களின் மின்வணிக ஏற்புத்தன்மை

நாட்டின் வளர்ச்சிக்கு ஆராய்ச்சி இன்றியமையாதது. ஆராய்ச்சிக்குக் கேள்விப் படிவம் இன்றியமையாதது. படிவத்துக்கு, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்ல ஓர் ஆள் இன்றியமையாதது. இந்தக் கணக்கில் பார்த்தால், கடலூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் மீன் விற்கும் வேலம்மாளுக்கு நாடு பெரிதும் கடன்பட்டிருக்கிறது. நாட்டுக்கு இது தெரியாது.

சுனாமிக்குப் பிறகு ஐந்தே ஆண்டுகளில் வேலம்மாள் முப்பத்தேழு ஆய்வுகளுக்குப் பதில் சொல்லியிருந்தார். மன உளைச்சல், சுய உதவிக் குழு, கழிப்பறை, பற்பசை எதையும் அவர் ஒதுக்கியதில்லை. எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்பார். மீன் விற்கிற இடத்துக்கு ஒரு கூரை வேண்டும். ஒன்பது மணி வெயிலுக்கு மீன் நைந்துபோகும், பத்தரைக்குப் பாதி விலை, அதற்குப் பிறகு கருவாடுதான். "கண்டிப்பா எழுதுறேம்மா" என்று முப்பத்தேழு பேரும் சொன்னார்கள். அவர்கள் பெயருக்கு முன்னால் முனைவர் வந்தது. வேலம்மாள் தலைக்கு மேல் கூரை வரவில்லை.

முப்பத்தெட்டாவதாக வந்தவர் ஜெயசீலன். சிதம்பரத்தில் ஸ்ரீ ஆனந்தத் தாண்டவா கலை அறிவியல் கல்லூரியில் கணிப்பொறி ஆசிரியர். அடுத்த ஆண்டு ஜூனுக்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரி சுற்றறிக்கை விட்டிருந்தது. அன்று மாலையே அவருக்கு மின்வணிகத்தின்மேல் ஆர்வம் பிறந்துவிட்டது. ஆய்வுத் தலைப்பு, ‘கடலோர மீன் விற்பனை மகளிரிடையே மின்வணிக ஏற்புத்தன்மை’.

மற்றவர்கள் படிவத்தோடு வந்தார்கள். ஜெயசீலன் மடிக்கணினியோடு வந்தார். அதில் மீன் விற்க அவரே எழுதிய மென்பொருள் இருந்தது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா என்று வரிசையாகப் படங்கள்.

"இதுல பாத்துட்டு வீட்லேருந்தே வாங்கிக்கலாம்மா."

வேலம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தார். "செவுளத் தூக்கிப் பாக்காம எவன் தம்பி மீனு வாங்குவான்?"

ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய வெளிச்சம். ஒரு வாரம் உட்கார்ந்து ‘செவுளைத் தூக்குக’ என்று ஒரு பட்டன் வைத்துக் கொண்டுவந்தார். அழுத்தினால் செவுள் திறந்தது. உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தது.

"நாலு நாள் கழிச்சி அமுக்குனா?"

"அப்பவும் செவப்பாதாம்மா இருக்கும். ஒரே போட்டோதான்."

"அப்ப என்னாத்துக்குத் தம்பி தூக்கணும்?"

இந்தக் கேள்வி ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால் ஜெயசீலன் படிவத்தை எடுத்தார். ஐம்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் முற்றிலும் மறுக்கிறேன் என்றால் ஒன்று, முற்றிலும் உடன்படுகிறேன் என்றால் ஐந்து.

"எல்லாத்துக்கும் நாலு போட்டுக்க" என்றார் வேலம்மாள்.

"கேள்வியே கேக்கலியேம்மா!"

"நெறைய பாத்துட்டேன் தம்பி. அஞ்சு போட்டா, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு எழிதிட்டுப் பூடுவாங்க. ஒண்ணு போட்டா, ஏன் கோவம்னு திருப்பி வருவாங்க. மூணு போட்டா வெளக்கம் கேப்பாங்க. நாலுன்னா யாருக்கும் தொந்தரவு இல்ல. இதுவரிக்கும் நான் ஒருத்தருக்கும் அஞ்சு போட்டதில்ல."

மீன் விற்பவர்கள் வடக்கு வரிசையில் இருபது பேர், எதிரே தெற்கு வரிசையில் இருபது பேர். நாற்பது பேரும் எல்லாவற்றுக்கும் நாலு போட்டார்கள். நெறியாளர் வெங்கடசுப்ரமணியன் அந்த எண்களைக் கணிப்பொறியில் கொடுத்தார். அது கையை விரித்துவிட்டது.

"என்னய்யா ஜெயசீலன், ஒருத்தருக்கொருத்தர் வித்தியாசமே இல்லையே? வித்தியாசம் இருந்தாத்தான் ஆராய்ச்சி. எல்லாரும் ஒத்துமையா இருந்தா பட்டம் எப்படித் தர்றது?"

ஜெயசீலன் மறுபடி பஸ் ஏறினார். "அம்மா, கொஞ்சம் பேராச்சும் மாத்திப் போடணும். என் வேலையே போயிடும்."

வேலம்மாள் யோசித்தார். பிள்ளைகுட்டிக்காரர், பாவம். "சரி. வடக்கு வரிசை மூணு, தெக்கு வரிசை நாலு. நடுவுல அங்கங்க ஒண்ணு கலந்துக்க. ஆனா கூர விசியம் எழிதணும்."

"சத்தியமா எழுதுறேம்மா."

இப்போது கணிப்பொறிக்குப் பரம திருப்தி. தெற்கு வரிசை மகளிரைவிட வடக்கு வரிசை மகளிர் மின்வணிகத்தை ஏற்பதில் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கியிருப்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. ஏன் என்பதற்கு ஜெயசீலன் நாற்பது பக்கம் எழுதினார். கடற்காற்று அடிக்கும் திசையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று அதில் இருந்தது.

2010 மே மாதம் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. அழைப்பிதழில் ‘பொதுமக்கள் கலந்துகொள்ளலாம்’ என்று அச்சிட்டிருந்தது. அப்படி அச்சிடுவது மரபு, வராமலிருப்பது பொதுமக்களின் மரபு. வேலம்மாளுக்கு இரண்டாவது மரபு தெரியாது. பக்கத்தில் மீன் விற்கும் கொளஞ்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் வந்துவிட்டார்.

புறத் தேர்வாளர் ராமாமிர்தம், செவுள் பட்டனை "இந்தியச் சூழலுக்கேற்ற நம்பகத்தன்மைக் கூறு" என்று மனமாரப் பாராட்டினார். "அவையோர் யாரேனும் கேள்வி கேட்கலாம்" என்றார். கேட்பதற்கென்றே ஏற்பாடு செய்திருந்த சக ஆசிரியர் எழுவதற்குள் வேலம்மாள் எழுந்துவிட்டார்.

"எங்க கூர எத்தினியாவது பக்கத்துல இருக்கு?"

அவையில் சலசலப்பு. ஜெயசீலன் பக்கம் புரட்டினார். இருந்தது. சத்தியத்தை மீறவில்லை. "பக்கம் இருநூற்றுப் பதினாலு, பரிந்துரை பதினேழு. ‘நிழற்கூரை அமைப்பதன் சாத்தியக்கூறு குறித்து ஆராயப்படலாம்.’"

"அப்ப எப்ப கட்டுவீங்க?"

"அருமை!" என்றார் ராமாமிர்தம். "மேலாய்வுக்கு நல்ல வாய்ப்பு. குறித்துக்கொள்ளுங்கள்." நெறியாளர் குறித்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயசீலன் முனைவரானார்.

பந்தியில் சாம்பார் சாதமும் ஜாங்கிரியும் போட்டார்கள். சாப்பிட்டு வெளியே வந்த வேலம்மாள் வாசலில் நின்றுவிட்டார். மாணவர் சேர்க்கைக் காலம் என்பதால் புது முனைவரை வாழ்த்திக் கல்லூரி ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்திருந்தது. அறக்கட்டளை உறுப்பினர் பதினொரு பேரின் படமும் வரவேண்டும் என்று நாற்பது அடி நீளம். ஓரத்தில் அங்கியோடு ஜெயசீலன், பக்கத்தில் நெறியாளர், காலடியில் ஒரு வஞ்சிரம். வேலம்மாள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை காலால் அளந்து நடந்தார்.

"தம்பி, இத எப்ப அவுப்பீங்க?"

ஜெயசீலனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பத்தாம் நாள் பேனரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மூங்கிலும் கயிறும் தானே வாங்கி, குப்பத்துக்கு வந்து இறங்கினார். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையில் உருப்படியான வேலை அதுதான் என்று நான் நினைக்கிறேன். அதை அவர் எந்தச் சஞ்சிகையிலும் வெளியிடவில்லை.

எழுத்துப் பக்கம் வெயிலில் வெளுத்துவிடும் என்று கீழ்ப்பக்கமாக வைத்துக் கட்டினார்கள். அதனால் பதினொரு உறுப்பினர்களும், நெறியாளரும், முனைவர் ஜெயசீலனும் குப்புறக் கவிழ்ந்து மீன்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது அடி வடக்கு வரிசைக்குத்தான் போதுமாக இருந்தது; அங்கே மதியம் வரை மீன் நைந்துபோகவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே நெறியாளரின் மாணவி பூஜா வந்தாள். ‘நிழற்கூரைக்கும் மின்வணிகத்துக்கும் உள்ள தொடர்பு’ பற்றி மேலாய்வு. கூரைக்கு அடியிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தாள்.

"முதல் கேள்வி ஆன்ட்டி. ‘இதுவரை நடந்த ஆய்வுகளால் எனக்குப் பயன் கிடைத்திருக்கிறது.’ எவ்ளோ போட?"

வேலம்மாள் அண்ணாந்து பார்த்தார். மேலிருந்து ஜெயசீலன் சிரித்தார்.

"அஞ்சு போட்டுக்க பாப்பா."

வடக்கு வரிசையே திரும்பிப் பார்த்தது. முப்பத்தெட்டு ஆய்வுகளில் நடக்காதது நடந்துவிட்டது. பூஜா சந்தோஷமாக ஐந்தைச் சுழித்தாள். "ரெண்டாவது கேள்வி…"

"இரு. மொதல்ல நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் வேலம்மாள். எதிரே வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தெற்கு வரிசையைக் கையால் காட்டினார். "ஒனக்குப் பட்டம் வந்தா எத்தினி அடில பேனர் வெப்பாங்க? இப்பவே கேட்டுக்கினு வந்து சொல்லு. நாப்பது அடிக்குக் கொறஞ்ச டாக்டரு எங்களுக்கு வேணாம்."